வளவு வெயில்

காரைக்குடியில் கல்லுக்கட்டிக்குப் பக்கத்துத் தெருவில், அம்மாவைப் பெற்ற ஆயாவின் வீடு. நாங்கள் குடியிருந்தது செக்காலையில். பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் எனக்குப் பொழுது ஆயா வீட்டில்தான். வெயிலில் நடந்து வந்து, முகப்புத் திண்ணையைத் தாண்டி, நிலைப்படிக்குள் காலை வைத்ததும் எதிரே ஒன்றும் தெரியாது. "அங்கனயே நில்லாத்தா, கண்ணு பழகட்டும்" என்று உள்ளிருந்து ஆயா குரல் கொடுப்பார்கள். நிற்பேன். முதலில் பித்தளை அண்டாவின் விளிம்பு தெரியும். அடுத்து வளவு என்னும் நடுமுற்றத்தின் தூண்கள், ஊஞ்சல் சங்கிலி, ஐயாவின் வெள்ளை வேட்டி. பிறகுதான் ஆயா முகம்.

வெயிலில் சுருங்கிப்போன கண்மணி விரிந்துகொள்ளச் சில நொடிகள் போதும். விழித்திரையில் மங்கல் ஒளிக்கென்று இருக்கும் கோல் வடிவ அணுக்களுக்கு அது போதாது. வெயிலில் வெளுத்துப்போன நிறமி அவற்றில் மறுபடி ஊறி நிறைய அரைமணி நேரம்வரை ஆகும். அந்த அரைமணி நேரத்தில் ஆயா வீடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டே இருக்கும். மோர் குடித்து முடித்த பிறகு பார்த்தால், வந்தபோது வெறும் இருட்டாக இருந்த உத்தரத்தில் செதுக்கியிருந்த யாளியின் பல்கூடத் தெரியும். வெயில் கொளுத்தும் ஊரில் கனத்த சுவர் எழுப்பி, சின்ன சன்னல் வைத்து, வெளிச்சத்தை நடுவில் இருக்கும் வளவு வழியாக மட்டும் உள்ளே விட்டவர்கள், பழகிய கண்ணுக்கு எவ்வளவு குறைந்த வெளிச்சம் போதும் என்பதை நன்றாக அறிந்திருந்தார்கள்.

வீடு கிழக்குப் பார்த்தது. முகப்பில் நின்றால் பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று நிலைக்குள் நிலையாகப் போய், கடைசியில் பின்வாசலும் அதற்கு அப்பால் ஊருணிக்கரையும் தெரியும். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்பதற்குப் பாடப்புத்தகத்தில் மூன்று அட்டைகளும் ஒரு மெழுகுவர்த்தியும் போட்டிருப்பார்கள். மூன்று அட்டைகளின் துளையும் ஒரே கோட்டில் இருந்தால் சுடர் தெரியும், ஒன்று விலகினாலும் தெரியாது. வகுப்பில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு அட்டைகள் தெரியவில்லை, ஆயா வீட்டு நிலைகள்தான் தெரிந்தன. இரண்டாங்கட்டில் யாராவது கதவை ஒருக்களித்துவிட்டால் போதும், ஊருணி மறைந்துவிடும். பங்குனி முதல் வாரம் கழிந்த நாட்களிலும், புரட்டாசி முதல் வாரத்திலும் சூரியன் நேர் மேற்கே இறங்கும். அந்தச் சில மாலைகளில் மட்டும் பின்வாசல் வழியாக நுழைந்த மஞ்சள் வெயில் எல்லாக் கட்டுகளையும் கடந்து வந்து முன்கதவின் உட்புறத்தில் விழும். ஐயா பேச்சை நிறுத்திவிட்டு அதைப் பார்ப்பார்கள். பஞ்சாங்கத்தைத் திறக்காமலே பகலும் இரவும் சமமாகிவிட்டதைச் சொல்லிவிடுவார்கள்.

அம்மான் அப்போதுதான் அழகப்பா கல்லூரியில் பௌதிகம் படித்து முடித்திருந்தார். வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். அவர் கையில் எந்தக் கருவியும் இருந்ததில்லை. வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்து, சரியான நேரத்துக்கு என்னை அங்கே கூட்டிப்போய் நிறுத்துவார். அவ்வளவுதான். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருப்பக்கத்து அறைக்குள் அழைத்துப்போய், கதவைச் சாத்தி, சன்னல் பலகைகளையும் இழுத்துத் தாழிட்டார். ஒரு பலகையில் ஆணி விழுந்துபோன துளை ஒன்று இருந்தது. "பேசாம சொவத்தப் பாரு" என்றார். கண் பழகப் பழக எதிர்ச்சுவரில் தெரு வந்தது, தலைகீழாக. வானம் கீழே, திண்ணைகள் மேலே. மாட்டுவண்டி ஒன்று சக்கரம் மேலே இருக்க ஊர்ந்து போனது. வெளியே வண்டிச் சத்தம் தெற்கிலிருந்து வடக்கே போக, சுவரில் வண்டி வடக்கிலிருந்து தெற்கே போயிற்று. வண்ணமும் இருந்தது. எதிர்வீட்டு ஆச்சி கட்டியிருந்த புடவையின் அரக்கு நிறம் மங்கலாக, ஆனால் அரக்காகவே தெரிந்தது.

மேலே இருந்து வரும் ஒளி துளைக்குள் புகுந்து நேராகப் போனால் கீழேதான் போக வேண்டும், கீழிருந்து வருவது மேலே போகும், வேறு வழியில்லை என்றார் அம்மான். படம் தலைகீழாக விழுவதற்கு அந்த ஒன்றே காரணம். நம் கண்ணுக்குள் விழும் படமும் தலைகீழ்தான் என்பதை அன்றே சொன்னார். அன்று இரவு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அதே துளையைத் திருக்கார்த்திகை இரவில் மறுபடி பார்த்தோம். திண்ணையில் அகல்விளக்குகளை வரிசையாக ஏற்றி வைத்துவிட்டு அறைக்குள் போய் நின்றோம். கண் பழகியதும் சுவரில் மெல்லிய ஒளிப்பொட்டுகள் ஒரு வரிசை. அம்மாவின் தங்கை சின்னாத்தா வெளியே நின்று, அம்மான் சொன்னபடி வலது ஓரத்து விளக்கைச் சொம்பால் மறைத்தார்கள். சுவரில் ஓரத்துப் பொட்டு ஒன்று மட்டும் அணைந்தது, மற்றவை அப்படியே இருந்தன. எல்லா விளக்குகளின் ஒளியும் அந்த ஓர் ஆணித்துளை வழியாகத்தான் நெருக்கியடித்து வருகிறது. ஆனாலும் ஒன்றோடொன்று கலக்கவில்லை, ஒன்றையொன்று தள்ளவும் இல்லை. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம் ஏறக்குறைய 1000 ஆண்டுகளுக்கு முன் விளக்குகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக மறைத்து இதே சோதனையைச் செய்தார். கண்ணிலிருந்து ஏதோ கிளம்பிப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று பெரிய பெரிய அறிஞர்கள் எழுதி வைத்திருந்த காலம் அது. பொருளிலிருந்து ஒளி வந்து கண்ணுக்குள் விழுவதால்தான் பார்க்கிறோம் என்று நிறுவியவர் அவர். அந்தப் பெயரை அம்மான் சொன்ன விதம் நினைவில் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரைச் சொல்வதுபோல மரியாதையோடு சொன்னார்.

இரண்டாங்கட்டுச் சாமான் அறைக்கு ஓட்டுக்கூரை. குரங்குகள் ஓடிப் புரட்டியதில் ஓடுகளுக்கு நடுவே அங்கங்கே சந்து விழுந்திருக்கும். அவற்றின் வழியாகக் காசு காசாக வெயில் விழும். சந்துகள் முக்கோணமாகவும் நீளமாகவும் கோணல்மாணலாகவும் இருந்தன. தரையில் விழுந்தவை மட்டும் வட்டமாகவே இருந்தன, சாய்வெயிலில் முட்டை வடிவமாக. அவை வெயில்பொட்டு இல்லை, சூரியனின் படம் என்றார் அம்மான். ஆணித்துளை வழியாகத் தெரு விழுந்ததுபோல ஓட்டுச்சந்து வழியாகச் சூரியன் விழுகிறது. சூரியன் வட்டம், அதனால் படமும் வட்டம். அளவுக்கும் கணக்கு உண்டு. சூரியன் நம்மிடமிருந்து ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, அதன் குறுக்களவு ஏறக்குறைய 14 லட்சம். ஒன்றை ஒன்றால் வகுத்தால் 107க்கு மிக நெருங்கி வரும். ஆகவே உச்சி வெயிலில் 13 அடி உயரத்துக் கூரையிலிருந்து விழும் படம் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். மரஅளவுகோலை வைத்து அளந்தோம், அப்படித்தான் இருந்தது. ஓடு மேயாமல் விட்ட ஒரு சந்தை வைத்துக்கொண்டு சூரியன் எவ்வளவு பெரியது என்று ஒரு சிறுமி அளந்துவிட முடியும் என்பது எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கும் விஷயம்.

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. அன்று சூரிய கிரகணம். கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் முழுதாக மறையும், நம் பக்கம் பெரும்பகுதி மறையும் என்று சொன்னார்கள். ஆயா தண்ணீர்ப் பானையிலும் ஊறுகாய்ச் சாடியிலும் தர்ப்பையைக் கிள்ளிப் போட்டு வைத்தார்கள். உச்சி திரும்பிய கொஞ்ச நேரத்தில் எல்லாக் கதவுகளையும் சாத்திவிட்டார்கள். தெருவில் நடமாட்டம் இல்லை. சின்னாத்தா அப்போது மாசமாக இருந்ததால் சன்னல் பக்கமே போகக்கூடாது என்று உத்தரவு. அம்மான் என்னைச் சாமான் அறைக்குக் கூப்பிட்டார். தரையில், அடுக்கி வைத்த தவலைகளின் மேல், சாத்தி வைத்திருந்த சமுக்காளத்தின் மேல், வழக்கமான வட்டங்கள் இருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒவ்வொரு வட்டத்திலும் ஓர் ஓரம் கடிபட்டது. அத்தனை வட்டத்திலும் ஒரே பக்கம், ஒரே அளவு. கடி வளர்ந்து நாலு மணிக்கு முன்பாக அறை முழுவதும் பிறைகள். தவலையின் வளைவில் விழுந்த பிறை நெளிந்து கிடந்தது.

நான் கத்திய சத்தத்தில் ஆயா வந்தார்கள். கிரகணத்தைப் பார்க்கக்கூடாது என்பதில் அவர்களுக்கு மாற்றுக்கருத்தே கிடையாது. ஆனால் இது தரை, தங்கள் வீட்டுச் சாமான் அறைத் தரை. கொஞ்ச நேரம் நின்றவர்கள் சின்னாத்தாவையும் கூப்பிட்டார்கள். "வானத்த யாரும் அண்ணாந்து பாக்கலயில்ல, இதப் பாத்தா ஒண்ணும் செய்யாது" என்றார்கள். கண்ணுக்கு எந்தக் கேடும் இல்லாமல் கிரகணம் பார்க்க உலகெங்கும் சொல்லித்தரும் முறை அதுதான். ஆயா அதைத் தன் போக்கில் சரியாகவே தீர்மானித்தார்கள்.

வீட்டுச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு என்று இன்றைக்கு வெளியூர்க்காரர்கள் தேடி வந்து படமெடுக்கும் சுவர் அது. சுண்ணாம்பும் மணலும், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர், பூச்சின் மேல் மெல்லிய பூச்சு, கடைசியில் அரைத்து அரைத்து வெண்ணெயான சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, அதன்மேல் கூழாங்கல்லால் நாள்கணக்கில் தேய்ப்பு. கையை வைத்தால் பளிங்கு. நேராக நின்று பார்த்தால் வெறும் வெள்ளை. கன்னத்தைச் சுவரோடு ஒட்டிவைத்துக்கொண்டு நீளவாக்கில் பார்த்தால், சுவர் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். கோடியில் நிற்கும் தூணும் அதற்குப் பக்கத்தில் அதன் நிழலுருவும் தெளிவாகத் தெரியும். வழுவழுப்பான எந்தப் பரப்பும், ஒளி அதன்மேல் சாய்ந்து விழ விழக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். நேராக விழும்போது நூற்றில் நாலைந்து பங்குதான் மேற்பரப்பில் திரும்பும். மிச்சம் சுண்ணாம்புக்குள் புகுந்து, அதன் பொடிகளில் சிதறி, எல்லாத் திசையிலும் வெளியே வரும். தெருவின் தலைகீழ்ப் படம் அந்தச் சுவரில் தெரிந்ததற்குக் காரணம் இந்தச் சிதறல்தான்.

அதை அம்மான் சோதித்தும் காட்டினார். படம் விழுந்துகொண்டிருந்த இடத்தில் சுவரை ஒட்டி ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்தார். கண்ணாடி இருந்த சதுரத்தில் மட்டும் தெரு இல்லை. அந்தச் சதுரம் சன்னல் பக்கத்துச் சுவரில் போய் விழுந்திருந்தது. சுவர், வாங்கிய ஒளியை அறையில் இருக்கும் எல்லோருக்கும் பங்கு வைக்கிறது, அதனால் எங்கே நின்றாலும் படம் தெரிகிறது. கண்ணாடி ஒரே திசைக்கு அனுப்பிவிடுகிறது.

ஆத்தங்குடிக் கல் விஷயமும் இதோடு சேர்ந்தது. எங்களூர்ப் பக்கம் பூக்கல் என்போம். வளவைச் சுற்றி அந்தக் கல்தான். சின்னாத்தா வீட்டு வேலைக்குக் கல் சொல்லப் போனபோது என்னையும் ஆத்தங்குடிக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, உள்ளே தகர அச்சை இறக்கி, சிவப்பு, பச்சை, மஞ்சள் சிமெண்டுக் கரைசலைப் பூவிதழ்களுக்குள் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு உலர் கலவையைத் தூவி, மேலே சிமெண்டும் மணலும் வைத்து அழுத்துகிறார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். சூளை கிடையாது, மெருகெண்ணெய் கிடையாது. கண்ணாடித் தகட்டை விலக்கினால் கல்லின் முகம் பளபளக்கிறது. கண்ணாடியின் மட்டம் அப்படியே கல்லுக்கு இறங்கிவிட்டது. பளபளப்பு என்று நாம் சொல்வதெல்லாம் மேடு பள்ளம் இல்லாமை. ஒளியலையின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 2,000இல் ஒரு பங்கு. மேடு பள்ளங்கள் அதைவிட நன்றாகச் சிறுத்துவிட்டால் ஒளிக்கு அந்தப் பரப்பு சமதளம். வீட்டில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தரையைத் துடைப்பார்கள். நடந்து நடந்து விழுந்த கீறல்களை எண்ணெய் நிரப்பிவிடும், சிவப்பு மறுபடி ஆழ்ந்த சிவப்பாகிவிடும்.

பட்டாலையில் எதிரெதிரே இரண்டு பெல்ஜியம் கண்ணாடிகள், ஆள் உயரம். நடுவில் நின்றால் எனக்குப் பின் நான், எனக்குப் பின் நான் என்று ஒரு வரிசை உள்ளே போய்க்கொண்டே இருக்கும். எல்லாக் குழந்தைகளும் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அம்மான் என்னைக் கடைசியில் இருப்பவளைப் பார்க்கச் சொன்னார். அவள் பச்சையாக இருந்தாள். மங்கியும் இருந்தாள். கண்ணாடி செய்த மணலில் துளியளவு இரும்பு இருக்கும். ஒருமுறை கண்ணாடிக்குள் புகுந்து வெளியே வரும் ஒளியில் அது தெரியாது. பலமுறை புகுந்து வந்தால் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயே தங்கிவிடும், பச்சை எஞ்சும். அந்தி விளக்கு ஏற்றியதும் இன்னொன்று பார்ப்போம். சாய்ந்து நின்று பார்த்தால் கண்ணாடிக்குள் ஒரு சுடருக்குப் பதில் சுடர்களின் வரிசை. முதலாவது மங்கல், இரண்டாவது நல்ல பிரகாசம், பிறகு வர வர மங்கல். முதலாவது கண்ணாடியின் முன்பரப்பில் திரும்பியது. இரண்டாவது பின்னால் பூசிய ரசத்தில் திரும்பியது. மற்றவை இரண்டு பரப்புகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அலைந்து வெளியேறியவை. விளக்கேற்றிய நேரத்தில் கண்ணாடி முன் நின்று சுடர் எண்ணுகிறேன் என்று என்னைப் பெற்ற ஆத்தா சத்தம் போடுவார்கள், ஆயா தடுத்துவிடுவார்கள்.

முகப்புச் சன்னல்களின் மேல் வளைவில் வண்ணக் கண்ணாடிகள். காலை வெயில் அவற்றின் வழியாகத் தரைக்கு வரும். நாற்காலியில் ஏறி ஒவ்வொரு வண்ணத்தின் வழியாகவும் வீட்டைப் பார்ப்பது எனக்குத் தீராத வேலை. சிவப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சின்னாத்தா நெற்றியில் குங்குமம் இருக்காது. பச்சை வழியாகப் பார்த்தால் அதே குங்குமம் கன்னங்கரேல் என்று இருக்கும். குங்குமம் சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புகிறது. சிவப்பைத் தவிர மற்றதை நிறுத்திவிடும் கண்ணாடி வழியே நெற்றியும் குங்குமமும் ஒரே சிவப்பாகிக் கலந்துவிடுகின்றன. பச்சைக் கண்ணாடி சிவப்பை நிறுத்திவிடுகிறது, குங்குமத்திடம் அனுப்ப வேறொன்றும் இல்லை. வெள்ளை வெயிலுக்குள் எல்லா நிறமும் அடக்கம் என்பதை நியூட்டன் பட்டகத்தை வைத்துக் காட்டினார். எனக்கு அதை முதலில் காட்டியது சின்னாத்தாவின் நெற்றி. பல ஆண்டுகள் கழித்து, சர் சி.வி. ராமன் தன் கடைசிக் காலத்தில் வண்ண வடிகட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று படித்தபோது எனக்குள் ஒரு சந்தோஷம். கண் எப்படி நிறம் காண்கிறது என்று அவர் எழுதிய நூல் 1968இல் வந்தது, அவருக்கு அப்போது 79 வயது. நோபல் பரிசு வாங்கிய மனிதர் அந்த வயதில் செய்துகொண்டிருந்த வேலை, நாற்காலியில் ஏறிய சிறுமி செய்த அதே வேலை.

குன்றக்குடி மலையில் பொறுக்கிய மயிலிறகு ஒன்று என் கணக்கு நோட்டில் இருந்தது. வளவு வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் பொன்னுமாகத் திருப்பத் திருப்ப மாறும். அதையே சன்னலுக்கு எதிரே பிடித்து, ஒளி அதன் ஊடாக வரும்படி பார்த்தால் வெறும் பழுப்பு. இறகில் நீலச்சாயம் எதுவும் இல்லை. இருப்பது மெலனின் என்ற கருநிறப் பொருள்தான், நம் தலைமுடியில் இருப்பது. அதன் நுண்ணிய குச்சிகள் மிக ஒழுங்கான இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அடுக்குகளிலிருந்து திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று சேரும்போது சில நிறங்கள் கூடுகின்றன, சில அழிகின்றன. அந்த இடைவெளிதான் நிறம். பழனிக்குப் போகும் காவடிகளில் செருகிய பீலிகள் தைப்பூச வெயிலில் ஆடும்போது, அத்தனை நிறமும் இடைவெளிகளின் வேலை என்று நினைத்துக்கொண்டே பார்ப்பேன். பக்தி குறைந்ததில்லை.

தண்ணீரைப் பற்றி ஆயா சொன்ன எச்சரிக்கை ஒன்றே போதும். "ஊருணித் தண்ணி ஆழத்தக் கொறச்சுத்தான் காட்டும், நம்பி எறங்காத." தண்ணீருக்குள் ஒளியின் வேகம் காற்றில் உள்ளதில் முக்கால் பங்கு. நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் என்பது தண்ணீரில் 2.25 லட்சமாகிறது. வேகம் மாறும் இடத்தில் பாதை வளைகிறது. மேலே நின்று நேராகக் கீழே பார்ப்பவருக்கு நாலடி ஆழம் மூன்றடியாகத் தெரியும், அதே முக்கால். படியில் நின்று சாய்ந்து பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். ஊருணியில் பிள்ளைகள் தவறுவதற்கு இந்த முக்காலை அறியாததும் ஒரு காரணம். நீச்சல் தெரியாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் முதலில் சொல்ல வேண்டிய ஒளியியல் இதுதான் என்பேன்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அடுப்படிப் புகை. இரண்டாங்கட்டில் விறகடுப்பு எரியும்போது, கூரைச்சந்து வெயில் புகைக்குள் தடிகளாக நிற்கும். புகை இல்லாத நேரத்தில் அந்தத் தடிகள் இல்லை, தரையில் வட்டங்கள் மட்டும்தான். அதே ஒளி அதே வழியாகத்தான் வந்துகொண்டிருக்கிறது. பக்கவாட்டில் போகும் ஒளியை நாம் பார்க்க முடியாது. வழியில் எதிலாவது பட்டு நம் பக்கம் திரும்பினால் உண்டு. இருண்ட கதவுக்கு எதிரே அந்தப் புகை நீலமாகத் தெரியும். எழுந்து போய் வானத்துக்கு எதிரே பார்த்தால் அதே புகை பழுப்பு. ஐயாவின் சுருட்டிலும் இது உண்டு. நுனியிலிருந்து எழும் புகை நீலம், அவர்கள் இழுத்து விட்ட புகை வெள்ளை. நுனிப்புகையின் துகள்கள் ஒளியலையைவிடச் சிறியவை. நீல அலை குட்டை, சிவப்பு அலை நீளம். சிறிய துகள் சிவப்பைவிட நீலத்தை நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கும். வாய்க்குள் போய் ஈரம் சுமந்து பெருத்த துகள் எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும், அதனால் வெள்ளை. வானத்தில் காற்றின் மூலக்கூறுகளே நீலத்தைச் சிதறடிக்கின்றன என்பது இங்கிலாந்தின் ராலே பிரபு 1871 முதல் வளர்த்தெடுத்த விளக்கம். கொண்டைக்கடலை வேகும் அடுப்புக்கு மேலே எங்கள் வீட்டில் ஒரு துண்டு வானம் எப்போதும் இருந்தது.

கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று ராலே எழுதியிருந்தார். 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய ராமன் அதை ஏற்கவில்லை. மேல்தட்டில் நின்று, தண்ணீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை ஒரு நிக்கோல் பட்டகத்தால் தடுத்துவிட்டுப் பார்த்தார். பிரதிபலிப்பு போயிற்று, நீலம் போகவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று கப்பல் கரை சேர்ந்ததும் எழுதி அனுப்பினார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கல்கத்தாவில் ஏழு ஆண்டுகள் திரவங்களில் ஒளியைச் செலுத்திப் பார்த்தார்கள். 1928 பிப்ரவரி 28இல் கண்டது, சிதறிய ஒளியில் மிகமிகச் சிறிய பங்கு தன் நிறத்தையே மாற்றிக்கொண்டு வருகிறது என்பது. மூலக்கூறின் அதிர்வு அந்த ஒளியில் பதிந்துவிடுகிறது. எதில் பட்டு வந்தது என்பதை ஒளியே சொல்லிவிடும். ராமன் பிறந்தது திருச்சி. கூடவே உழைத்த கே.எஸ். கிருஷ்ணன் நமக்குத் தென்மேற்கே வத்திராயிருப்புக்காரர். 1930இல் நோபல் பரிசு வந்தது. அம்மான் இந்தக் கதையைச் சொல்லும்போது கிருஷ்ணன் பெயரை ஒருநாளும் விட்டதில்லை. அதில் கண்டிப்பாக இருந்தார், நானும் அப்படியே.

இதையெல்லாம் படிக்க வெளியூர் போக வேண்டியிராத ஊராகக் காரைக்குடியை ஆக்கியவர் வள்ளல் அழகப்பர். 1947இல் கல்லூரி. அடுத்து 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகம். 1948 ஜூலை 25இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கலன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். ஊரில் அதற்கு சிக்ரி என்றே பெயர். பொதுமக்களை உள்ளே விடும் நாளில் வரிசையில் நின்று போய்ப் பார்த்திருக்கிறேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் என் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார், ஒன்றுக்குக்கூட 'நீ சின்னப்பிள்ளை' என்று சொல்லவில்லை.

இப்போது வளவு வீடுகள் பலவும் பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் உலகெங்கும் இருக்கிறார்கள், கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் திறக்கிறார்கள். இடித்த வீட்டின் நிலைகளும் தூண்களும் கண்ணாடிகளும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இருக்கின்றன. தேக்குக்கு விலை சொல்கிறார்கள், பெல்ஜியம் கண்ணாடிக்கு விலை சொல்கிறார்கள். நிலைகள் ஒரே கோட்டில் நின்றதற்கும், வளவின் அகலத்துக்கும் கூரைச் சரிவுக்கும் இருந்த கணக்குக்கும், எந்தச் சுவர் எவ்வளவு வெளிச்சத்தை எங்கே அனுப்பியது என்பதற்கும் விலை கிடையாது. பிரித்த நொடியில் அது இல்லாமல் போய்விடுகிறது. எனக்கு வருத்தம் தேக்கைப் பற்றி இல்லை, அதைப் பற்றித்தான். கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ வீடு பார்க்கப் போகிறவர்கள் சித்திரை பிறந்த முதல் சில நாட்களில் போனால், பகல் 12.15க்கு வளவில் நில்லுங்கள். சூரியன் அப்போது நேர் உச்சியில் இருக்கும். வளவில் நிறுத்தி வைத்த சொம்புக்கு அதன் காலடியைத் தாண்டி நிழல் இருக்காது. ஆவணி பத்து வாக்கில் மறுபடி ஒருமுறை அப்படி வரும்.

2019 டிசம்பர் 26 காலை வளையச் சூரிய கிரகணத்தின் பாதை எங்கள் ஊரின் மேலேயே போயிற்று. மறுபடியும் 2031 மே 21 அன்று வளையப் பாதை மதுரை, இளையான்குடி, காரைக்குடி வழியாக வருகிறது. இந்த முறை மத்தியானம், சூரியன் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும், வளையங்கள் அதிகம் சாயாமல் ஏறக்குறைய வட்டமாகவே தரையில் விழும். பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைக்க வேண்டாம், அண்ணாந்து பார்க்கவும் விட வேண்டாம். ஓட்டுக்கூரை இருக்கும் வீடாக இருந்தால் ஓரிரு சந்துகளை அதுவரை அடைக்காமல் வைத்திருங்கள். மெத்தை வீடாக இருந்தால் ஆணித்துளை போட்ட ஓர் அட்டையை மாடியில் தரைக்கு மேல் ஆள் உயரத்தில் பிடித்தால் போதும். வேப்ப மரத்தடியும் ஆகும், இலைகளுக்கு நடுவே உள்ள சந்து ஒவ்வொன்றும் அந்த வேலையைச் செய்யும். கீழே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிட்டுப் பிள்ளைகளை அதைச் சுற்றி உட்கார வையுங்கள்.